ப்ரொஃபைலர் எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்?

சாம்பிளிங் ப்ரொஃபைலர் செய்கிற வேலை எளிமையானது. குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை எட்டிப் பார்க்கும். அந்தக் கணத்தில் எந்த ஃபங்ஷன் ஓடுகிறது, அதை யார் அழைத்தார்கள் என்ற அழைப்பு வரிசையை, அதாவது ஸ்டேக்கைக் குறித்துக்கொள்ளும். ஆயிரம் தடவை பார்த்ததில் முந்நூறு தடவை ஒரே ஃபங்ஷன் சிக்கினால், நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் அங்கே போகிறது என்று கணக்கு.

இடைவெளியை எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டால், "முடிந்தவரை குறைத்து வை" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு 10,000 ஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 10,000 தடவை எட்டிப் பார்க்கும்படி ஓட்டி, அளக்க வந்த புரோகிராமையே மெதுவாக்கிவிட்டு, அந்த மெதுவான புரோகிராமின் கணக்கை எடுத்துப் போவது அடிக்கடி நடக்கிறது. இடைவெளியைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். எத்தனை சாம்பிள் தேவை என்பது முதலில். எவ்வளவு நேரம் ஓட்ட முடியும் என்பது அடுத்து. அந்த இரண்டையும் வகுத்தால் இடைவெளி தானாக வந்துவிடும்.

இங்கே இரண்டு உதாரணங்களை வைத்துக்கொள்வோம். ஒன்று, ஓசூர் சிப்காட்டில் ஒரு உற்பத்தி லைனில், இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சியிலிருந்து 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தரவு படிக்கும் கலெக்டர் என்ற புரோகிராம். நான்கு கோர் உள்ள சின்ன இண்டஸ்ட்ரியல் பிசியில் ஓடுகிறது. இன்னொன்று, கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியில் எடை மேடையோடு இணைந்த பில்லிங் சர்வர். இரண்டுக்கும் ஒரே எண் சரிப்படாது.

முதலில் எண்ணிக்கை

ஒரு ஃபங்ஷனின் கணக்கு எவ்வளவு நம்பகமானது என்பது, அதன்மேல் எத்தனை சாம்பிள் விழுந்தது என்பதைப் பொறுத்தது. விழுந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் எதிர்பார்க்க வேண்டிய பிழை. 1982-இல் பெர்க்லியில் வந்த ஜிப்ரோஃப் என்ற ப்ரொஃபைலரின் குனூ (GNU) பதிப்புக் கையேட்டிலும் இதே விதி இருக்கிறது: 0.01 செகண்டுக்கு ஒரு சாம்பிள், ஒரு ஃபங்ஷன் 1 செகண்டு ஓடியது என்றால் 100 சாம்பிள். பிழை 10 சாம்பிள், அதாவது 0.1 செகண்டு.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை பொய்க்காத எல்லை வேண்டுமென்றால் அந்த வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 25 சாம்பிள் விழுந்த ஃபங்ஷன் உண்மையில் 15 ஆகவும் இருக்கலாம், 35 ஆகவும் இருக்கலாம். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. 100 விழுந்தால் முன்பின் 20. 400 விழுந்தால் முன்பின் 40, அதாவது பத்து சதவீதத்துக்குள் வந்துவிடும். அன்றாட வேலைக்கு இந்த 400 போதும்.

ஆகவே கணக்கு இப்படி: நீங்கள் கவலைப்படும் மிகச்சிறிய ஃபங்ஷன் மொத்தத்தில் எத்தனை பங்கு? 400-ஐ அந்தப் பங்கால் வகுங்கள். 20 சதவீதம் தின்னும் ஃபங்ஷனைப் பிடிக்க 2,000 சாம்பிள் போதும். 5 சதவீதத்துக்கு 8,000. 1 சதவீதத்துக்கு 40,000. ஒரு சதவீதக்காரனைத் துரத்துவதற்கு முன் அதைச் சரிசெய்தால் என்ன மிச்சம் என்று ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது. முதல் சுற்றில் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டிய அவசியம் அநேகமாக இருக்காது.

பிறகு நேரம். ஒரு செகண்டுக்குக் கிடைக்கும் சாம்பிள் என்பது, சாம்பிளிங் வேகத்தை வேலை செய்துகொண்டிருக்கும் கோர்களின் எண்ணிக்கையால் பெருக்கியது. "வேலை செய்துகொண்டிருக்கும்" என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சும்மா இருக்கும் கோரிலிருந்து சிபியு ப்ரொஃபைலுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஒரு கோரை முழுதாகப் பிடித்து வைத்திருக்கும் புரோகிராமை 97 ஹெர்ட்ஸில் (ஏன் 97 என்று பிறகு பார்ப்போம்) எடுத்தால் 8,000 சாம்பிளுக்கு 82 செகண்டு. மண்டி பில்லிங் சர்வர் அப்படி இல்லை. ஒரு பில்லுக்கு 40 மில்லிசெகண்டு, செகண்டுக்கு இரண்டு பில் என்றால் அது ஒரு கோரில் 8 சதவீதம்தான் வேலை செய்கிறது. 97 ஹெர்ட்ஸில் 30 செகண்டு ஓட்டினால் 2,910 சாம்பிள் வரும் என்று நினைத்திருப்பீர்கள். கையில் வருவது 233. அதில் 5 சதவீத ஃபங்ஷன்மேல் விழுவது பன்னிரண்டோ என்னவோ. பன்னிரண்டு சாம்பிளை வைத்துப் புரோகிராமை மாற்றி எழுத உட்காராதீர்கள்.

இதற்கு இரண்டு வழி. அதே 97-இல் பதினேழு நிமிடம் ஓட்டலாம். அல்லது 499 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி மூன்றரை நிமிடத்தில் முடிக்கலாம். சர்வர் 92 சதவீத நேரம் தூங்குவதால், வேகத்தை ஏற்றினாலும் எட்டிப் பார்க்கும் செலவு விழித்திருக்கும் 8 சதவீதத்தில்தான் விழும். சும்மா கிடக்கும் சர்வருக்கு வேகத்தைக் கூட்டலாம், மூச்சுமுட்ட ஓடும் சர்வருக்குக் குறைக்கலாம். முதலில் கேட்கும்போது தலைகீழாகப் படும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. மா சீசனில் லோடு வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் மெதுவாகிறது என்று புகார் வந்தால், அந்த வரிசை நிற்கும்போதே எடுக்க வேண்டும். எல்லோரும் போன பிறகு இரவு ஒன்பதுக்கு எடுத்த ப்ரொஃபைல் வேறு ஏதோ ஒரு புரோகிராமின் ப்ரொஃபைல்.

ஓர் எச்சரிக்கை. எட்டுக் கோர் வேலை செய்தால் எட்டு மடங்கு சாம்பிள் கிடைக்கும். ஆனால் எல்லா த்ரெட்டும் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் ஒரே கட்டத்தில் இருக்கும் புரோகிராமில், அந்த எட்டும் கிட்டத்தட்ட ஒரே செய்தியின் எட்டுப் பிரதிகள். அப்படிப்பட்ட இடத்தில் கோரால் பெருக்காமல் நேரத்தை நீட்டுங்கள்.

"என் ஃபங்ஷன் 50 மைக்ரோசெகண்டுதான், 10 மில்லிசெகண்டு இடைவெளியில் தப்பிவிடாதா?"

தப்பாது. 50 மைக்ரோசெகண்டு ஃபங்ஷன் செகண்டுக்கு 2,000 தடவை அழைக்கப்பட்டால் அது 0.1 செகண்டு; பத்தில் ஒரு பங்கு. செகண்டுக்கு நூறு தடவை எட்டிப் பார்த்தால் சுமார் பத்துத் தடவை அதன்மேல் விழும். அரை நிமிடத்தில் முந்நூறு. ஒவ்வொரு அழைப்பையும் பிடிக்க வேண்டியதில்லை, மொத்தத்தில் அதன் பங்கு தெரிந்தால் போதும்.

தப்பிப்போவது, ஒரே தடவை வந்து போகும் சம்பவம். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. அளவுகளுக்கு இடையே நேரம் விட்டாலும் ஒரு மாதத்துக்குச் சராசரியாக எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது சரியாகவே தெரியும். இரண்டு அளவுக்கு நடுவில் ஏறி இறங்கிய ஒரு வெள்ளத்தின் உச்சம் மட்டும் கணக்கேட்டில் ஏறாது. அதே மாதிரி, நாளுக்கு ஒருமுறை 20 மில்லிசெகண்டு தடுமாறும் கலெக்டரை 97 ஹெர்ட்ஸில் எடுத்தால் அந்தத் தடுமாற்றத்தில் இரண்டு சாம்பிள் விழும். வேகத்தை 5,000-க்கு ஏற்றினாலும் நூறுதான், அதுவும் சரியான நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால். அதற்கு, ஒவ்வொரு சம்பவத்தையும் நேரத்தோடு பதிவு செய்யும் ட்ரேசிங்தான் ஏற்ற கருவி. இடைவெளியைக் குறைத்துக் குறைத்து ட்ரேசிங்காக மாற்றப் பார்ப்பதில் நேரம்தான் வீண்.

அரை செகண்டில் முடிந்துவிடும் சின்ன புரோகிராமுக்கு வேறு வைத்தியம். 97 ஹெர்ட்ஸில் ஐம்பதுக்கும் குறைவான சாம்பிள்தான் கிடைக்கும். ஷெல்லில் ஒரு லூப் போட்டு அறுபது, நூறு தடவை ஓடவிட்டு மொத்தத்தையும் ஒரே ப்ரொஃபைலாக எடுங்கள். திரும்ப ஓட்ட முடியாத வேலையென்றால் மட்டும் 4,999 மாதிரி ஒரு வேகத்துக்குப் போகலாம்.

தாளம் பொருந்திப்போகும் ஆபத்து

தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு ஊருக்குச் சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது, ஒரு நிமிடம்தான் பிளாட்பாரத்தில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறீர்கள். முதல் தடவை பஸ் நின்றிருந்தால் நாள் முழுக்க எப்போது போனாலும் பஸ் நிற்கும். முதல் தடவை இல்லையென்றால் நாள் முழுக்க இல்லை. "இங்கே பஸ் எப்போதும் நிற்கிறது", "இங்கே பஸ்ஸே வராது" என்று இரண்டு பேர் எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு பேரும் நேர்மையானவர்கள்.

ஓசூர் கலெக்டரில் நடப்பது இதுவேதான். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எழுந்து, 1 மில்லிசெகண்டு தரவைப் பிரித்துவிட்டுத் தூங்குகிறது. உண்மையான பங்கு 10 சதவீதம். முழு மெஷினையும் கடிகார நேரப்படி 100 ஹெர்ட்ஸில் எடுத்தால் இடைவெளியும் அதே 10 மில்லிசெகண்டு. நூறு சாம்பிளில் நூறும் தரவு பிரிக்கும் ஃபங்ஷன்மேல் விழலாம், ஒன்றுகூட விழாமலும் போகலாம். எது என்பது எந்தக் கணத்தில் ப்ரொஃபைலரைத் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு விதமான படம் வரும், அல்லது நீண்ட நேரம் ஓட்டினால் டைமர்கள் மெல்ல விலகி ஏதோ ஒரு நடுவாந்திர எண் வரும். அந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது.

இப்போது 97 ஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள். இடைவெளி 10.309 மில்லிசெகண்டு. ஒவ்வொரு சாம்பிளும் கலெக்டரின் சுற்றில் முந்தையதைவிட 0.309 மில்லிசெகண்டு தள்ளி விழும். ஒரு செகண்டில் 97 சாம்பிளும் அந்த 10 மில்லிசெகண்டு சுற்றில் 97 வெவ்வேறு இடங்களில், 0.103 மில்லிசெகண்டு இடைவிட்டு, சமமாகப் பரவிவிடும். 1 மில்லிசெகண்டு வேலைக்குள் விழுவது ஒன்பது அல்லது பத்து. பத்து சதவீதம் அப்படியே வந்துவிட்டது, ஒரே செகண்டில்.

பல வழிகாட்டிகளில் 99 ஹெர்ட்ஸ் என்று பார்த்திருப்பீர்கள். நூறோடு தாளம் சேராமல் இருக்க வைத்த எண் அது, நன்றாகவே வேலை செய்யும். ஆனாலும் 99 என்பது ஒன்பது பதினொன்று. செகண்டுக்கு 11 அல்லது 33 தடவை ஓடும் வேலை இருந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும். பகா எண்ணாக எடுத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை: 97, 199, 499, 997, 4,999. ஃபேக்டரியில் ஓடும் மென்பொருளில் 10, 20, 50, 100 மில்லிசெகண்டு என்று ரவுண்டான டைமர்கள் நிறைய. நம் மின்சாரமே 50 ஹெர்ட்ஸ் என்பதால், மீட்டர் படிக்கும் புரோகிராம் 20 மில்லிசெகண்டுச் சுற்றில் எழுதப்பட்டிருக்கலாம். 50, 100, 1,000 என்ற வேகங்களை இப்படிப்பட்ட இடங்களில் தொடவே தொடாதீர்கள்.

நேரத்துக்குப் பதில் எண்ணிக்கையால் சாம்பிள் எடுக்கும்போதும் இதே விதி. லினக்ஸின் ப்ரொஃபைலரான பெர்ஃபில் சின்ன எழுத்து 'சி' ஆப்ஷன் கொடுத்துப் பத்து லட்சம் சிபியு சைக்கிளுக்கு ஒன்று என்று வைத்தால், அதோடு வகுபடும் நீளமுள்ள லூப்பில் ஒரே இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும். 10,00,003 என்று வையுங்கள். அது பகா எண். இண்டெலின் ஈவென்ட் பட்டியல்களில் 20,00,003, 1,00,003 போன்ற விநோதமான எண்களைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்திருந்தால், காரணம் இதுதான்.

செலவு

ஒவ்வொரு எட்டிப் பார்த்தலுக்கும் கூலி உண்டு. ஒவ்வொரு ஃபங்ஷனும் தன்னை அழைத்த ஃபங்ஷனின் இடத்தைக் காட்டும் ஃப்ரேம் பாயிண்டர் வழியாக ஸ்டேக்கை நடக்கும் ஒரு சாம்பிளுக்கு 5 மைக்ரோசெகண்டு ஆகிறது என்றால், 97 ஹெர்ட்ஸில் செகண்டுக்கு அரை மில்லிசெகண்டுகூட இல்லை, 0.05 சதவீதம். 4,000 ஹெர்ட்ஸில் 2 சதவீதம். 10,000-இல் 5 சதவீதம். இந்த ஐந்து மைக்ரோசெகண்டு என்பது உதாரணம்தான். ஸ்டேக் எவ்வளவு ஆழம், எந்தப் பிராசஸர் என்பதைப் பொறுத்து மாறும். உங்கள் மெஷினில் எவ்வளவு என்று தெரிய, ஒரே லோடை ப்ரொஃபைலர் இல்லாமல் ஐந்து தடவை, வைத்து ஐந்து தடவை, மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இரண்டு வரிசையிலும் நடு எண்ணை ஒப்பிடுங்கள். வித்தியாசம் 2 சதவீதத்தைத் தாண்டினால் வேகத்தைப் பாதியாக்குங்கள். ஐந்தையும் முதலில், ஐந்தையும் பிறகு என்று ஓட்டினால் மெஷின் சூடானது, கேஷ் நிரம்பியது எல்லாம் கணக்கில் கலந்துவிடும்.

ஃப்ரேம் பாயிண்டர் இல்லாமல், டீபக் தகவலை வைத்து அழைப்பு வரிசையைக் கண்டுபிடிக்கும் டுவார்ஃப் முறையில் ஸ்டேக் எடுப்பவர்களுக்குச் செலவு டிஸ்கில் வரும். அந்த முறையில் பெர்ஃப் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஸ்டேக்கிலிருந்து 8,192 பைட்டை அப்படியே நகலெடுக்கிறது. பெர்ஃப் ரெக்கார்டுக்கு வேகம் எதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்வது 4,000 ஹெர்ட்ஸ். நான்கு கோரும் வேலை செய்யும் இண்டஸ்ட்ரியல் பிசியில் இதைப் பெருக்கினால் செகண்டுக்கு 131 மெகாபைட். அரை நிமிடத்தில் நான்கு ஜிபியை நெருங்கிவிடும். 97 ஹெர்ட்ஸில் அதே அரை நிமிடம் 95 மெகாபைட்தான். லைன் ஓடும் பிசியில் டிஸ்க் நிரம்பினால் கலெக்டர் எழுத இடமில்லாமல் நின்றுவிடும். பிறகு உற்பத்தி நின்றதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கோப்பை எழுதும் வேலையே ப்ரொஃபைலில் பெரிய பங்காகத் தெரியத் தொடங்கினால், அதுவும் வேகம் அதிகம் என்பதன் அடையாளம்.

முடிந்தால் ஃப்ரேம் பாயிண்டரோடு கம்பைல் செய்துவிடுங்கள். ஃபெடோரா 38-இலிருந்தும் உபுண்டு 24.04-இலிருந்தும் அவற்றின் பேக்கேஜ்கள் ஃப்ரேம் பாயிண்டரோடுதான் வருகின்றன. பழைய சர்வரில் உங்கள் புரோகிராம் மட்டும் ஃப்ரேம் பாயிண்டரோடு இருந்து, லைப்ரரிகள் அது இல்லாமல் இருந்தால் ஸ்டேக் பாதியில் அறுந்து தெரியும். அதை இடைவெளியால் ஒட்டவைக்க முடியாது.

கேட்டது ஒன்று, கிடைப்பது ஒன்று

நீங்கள் எழுதிய எண்ணை கருவி அப்படியே மதிக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், பெர்ஃபுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 'பெர்ஃப் ஈவென்ட் மேக்ஸ் சாம்பிள் ரேட்' என்ற அமைப்பு, இயல்பாக 1,00,000. சாம்பிள் எடுக்கும் இன்டரப்ட்டுகள் சிபியு நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் தின்னும் போலிருந்தால் கெர்னலே அந்த வரம்பைக் குறைத்துக்கொண்டே போகும். அப்போது கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் "இன்டரப்ட் அதிக நேரம் எடுத்தது, வரம்பைக் குறைக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி விழும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் டிமெசேஜைப் பார்ப்பது வழக்கமாகட்டும். பெர்ஃப் முடியும்போது சில துண்டுகள் தொலைந்தன என்று சொன்னால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள்: தொலைந்தவை பெரும்பாலும் மெஷின் மிக நெருக்கடியில் இருந்த கணங்கள், அதாவது உங்களுக்கு வேண்டிய கணங்கள்.

செட் ஐடைமர் என்ற லினக்ஸ் வசதியின் சிபியு நேர டைமரை வைத்து வேலை செய்யும் கருவிகள், கெர்னலின் சீரான கடிகாரத் துடிப்பான டிக்கைத் தாண்ட முடியாது. கெர்னல் 250 ஹெர்ட்ஸில் கட்டப்பட்டிருந்தால், 1 மில்லிசெகண்டு கேட்டாலும் 4 மில்லிசெகண்டுதான் கிடைக்கும். கோ மொழியின் ப்ரொஃபைலர் இயல்பாக 100 ஹெர்ட்ஸ், 1.18-க்கு முந்தைய பதிப்புகளில் லினக்ஸில் இதே டைமர்தான், மொத்த புரோசஸுக்கும் ஒன்றே. பல கோரில் ஓடும் சர்வரில் சாம்பிள்கள் குறைந்துபோவதற்கு அது காரணம். 1.18-இலிருந்து த்ரெட்டுக்கு ஒரு டைமர் என்று மாற்றிவிட்டார்கள். பழைய பதிப்பில் இருந்தால் வேகத்தை ஏற்றுவதைவிட கோ பதிப்பை மேம்படுத்துவது பலன் தரும்.

ஜாவாவில் ஃப்ளைட் ரெக்கார்டரின் இயல்பு அமைப்பு 20 மில்லிசெகண்டு, 'ப்ரொஃபைல்' அமைப்பு 10 மில்லிசெகண்டு. அதில் நெடுநாளாக உள்ள சாம்ப்ளர் ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஐந்து ஜாவா த்ரெட்டைத்தான் எடுக்கும். ஐம்பது த்ரெட் ஓடினாலும் 20 மில்லிசெகண்டில் செகண்டுக்கு 250 சாம்பிள்தான், கோரால் பெருக்கும் நம் சூத்திரம் அங்கே செல்லாது. ஏசின்க் ப்ரொஃபைலருக்கு இயல்பு 10 மில்லிசெகண்டு, அதற்கு அந்த வரம்பு கிடையாது.

பைதானுக்கு பை-ஸ்பை: செகண்டுக்கு 100. இது ஒவ்வொரு தடவையும் புரோகிராமை ஒரு கணம் நிறுத்தித்தான் ஸ்டேக்கைப் படிக்கிறது. வேகத்தை ஏற்றினால் சாம்பிளிங்கில் பின்தங்குகிறேன் என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் குறைத்துவிடுங்கள். நிறுத்தாமல் படிக்கும் ஆப்ஷனும் உண்டு, ஆனால் பாதி மாறிய ஸ்டேக்குகள் கொஞ்சம் கலந்து வரும். 10 மில்லிசெகண்டு கெடு உள்ள கலெக்டருக்கு அந்தக் கலப்பே மேல். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் சிபியு ப்ரொஃப் இயல்பாக 1,000 மைக்ரோசெகண்டு. விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் ரெக்கார்டர் 1 மில்லிசெகண்டு. இந்த இரண்டும் ரவுண்டான எண் என்பதால் டைமர் நிறைந்த புரோகிராமில் மாற்றிக்கொள்ளுங்கள். நோடில் 1,009 மைக்ரோசெகண்டு என்று வைத்தால் ஆயிற்று.

இடைவெளியால் தீராதவை

புரோகிராம் மெதுவாக இருப்பது டேட்டாபேஸ் பதிலுக்கோ, ஒரு லாக்குக்கோ, எடை மேடையின் சீரியல் போர்ட்டுக்கோ காத்திருப்பதால் என்றால், சிபியு ப்ரொஃபைலில் அது வரவே வராது. காத்திருக்கும் த்ரெட் சிபியுவில் இல்லை. கடைக்காரர் "பில் வர மூணு செகண்டு ஆகுது" என்கிறார், டாப் கட்டளையில் சிபியு 8 சதவீதம் என்றால், இடைவெளியைத் தொடுவதற்கு முன் கடிகார நேர முறைக்கு மாறுங்கள். ஏசின்க் ப்ரொஃபைலரில் 'வால்' ஈவென்ட், பை-ஸ்பையில் சும்மா இருக்கும் த்ரெட்டையும் சேர்க்கும் ஆப்ஷன். இந்த முறையில் தூங்கும் த்ரெட்டும் எண்ணப்படும் என்பதால் இருநூறு த்ரெட் உள்ள சர்வரில் சாம்பிள் கொட்டும். இடைவெளியை 50 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில், 53 என்று வைத்தாலே போதும்.

சாம்பிள் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பது இன்னொன்று. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு வாங்க வருபவர் தட்டின் மேலிருந்து மட்டும் ஒரு பிடி அள்ளிப் பார்த்தால், எத்தனை பிடி அள்ளினாலும் மேலே பரப்பியிருக்கும் கூட்டைத்தான் பார்க்கிறார். அடியில் கைவிட்டு எடுத்தால்தான் லாட்டின் தரம் தெரியும். ஜாவாவில் சேஃப்பாயிண்ட்டில், அதாவது த்ரெட்டைப் பத்திரமாக நிறுத்தக்கூடிய குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஸ்டேக் எடுக்கும் பழைய ப்ரொஃபைலர்கள் இப்படித்தான் மேல் கூட்டை மட்டும் அள்ளுகின்றன. சூடான லூப்புக்குள் சேஃப்பாயிண்ட் இல்லையென்றால் பழி, லூப் முடிந்த பிறகு வரும் அப்பாவி ஃபங்ஷன்மேல் விழும். வேகத்தைப் பத்து மடங்காக்கினால் அதே தப்பு பத்து மடங்கு உறுதியோடு தெரியும்.

கிளவுட் விஎம்மிலும் ஒரு சிக்கல். பல விஎம்களில் (வர்ச்சுவல் மெஷின்) பிராசஸரே சைக்கிளை எண்ணித் தரும் ஹார்டுவேர் கவுண்டர் கிடைக்காது. பெர்ஃப் சிபியு கிளாக் டைமருக்கு இறங்கிவிடும். இன்டரப்ட் மூடியிருக்கும் கெர்னல் பகுதிக்குள் அந்த டைமர் நுழைய முடியாது. திறக்கும் கணத்தில்தான் சாம்பிள் விழும். ஸ்பின்லாக்கைத் திறந்து இன்டரப்ட்டை மீட்கும் ஃபங்ஷன் திடீரென்று உச்சியில் தெரிந்தால் அதன்மேல் பாயாதீர்கள், அதற்கு முன்னால் ஓடிய நிரல் பகுதியைப் பாருங்கள். ஹார்டுவேர் கவுண்டர் இருக்கும் மெஷினிலும் சாம்பிள் சில இன்ஸ்ட்ரக்‌ஷன் தள்ளி விழுவது சகஜம். ஃபங்ஷன் அளவில் பார்ப்பவர்களுக்குப் பொருட்டில்லை, வரி வரியாகப் பார்ப்பவர்கள் சைக்கிள் ஈவென்ட்டின் துல்லிய வகையைக் கேட்க வேண்டும்.

ஒரு ஓட்டம், முதலிலிருந்து கடைசிவரை

கலெக்டரையே எடுத்துக்கொள்வோம். லைன் ஓடும் நேரத்தில் டாப்பில் பார்த்தால் நான்கு கோரில் மொத்தம் ஒன்றரைக் கோர் வேலை செய்கிறது. 5 சதவீதம்வரை தெரிய வேண்டும், ஆகவே 8,000 சாம்பிள். 97-ஐ ஒன்றரையால் பெருக்கினால் செகண்டுக்கு 145. 8,000-க்கு 55 செகண்டு. கொஞ்சம் தாராளமாக 90 செகண்டு வையுங்கள். பெர்ஃப் ரெக்கார்டு, பெரிய எழுத்து 'எஃப்' ஆப்ஷனில் 97, 'ஏ' கொடுத்து எல்லாக் கோரும், 'ஜி' கொடுத்து ஸ்டேக், கடைசியில் ஸ்லீப் 90.

முடிந்ததும் ரிப்போர்ட்டைத் திறப்பதற்கு முன் சாம்பிள் எண்ணிக்கையைப் பாருங்கள். 145-ஐ 90-ஆல் பெருக்கினால் 13,000 சுமாருக்கு வர வேண்டும். ஆறாயிரம்தான் வந்திருந்தால் வரம்பு குறைக்கப்பட்டிருக்கிறது, அல்லது லைன் நடுவில் நின்றிருக்கிறது. பிறகு டிமெசேஜ். பிறகு அதே ஓட்டத்தை 199 ஹெர்ட்ஸில் இன்னொரு தடவை. இரண்டிலும் முதல் பத்து ஃபங்ஷன்களின் சதவீதம் பிழை எல்லைக்குள் ஒத்துப்போனால் 97 போதுமானது, தாளமும் சேரவில்லை. ஒரே ஒரு ஃபங்ஷன் மட்டும் 4-இலிருந்து 11-க்குத் தாவினால் அது ஏதோ ஒரு டைமரோடு பிணைந்திருக்கிறது. மூன்றாவதாக 83 அல்லது 113 வைத்துப் பார்த்து, எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதை நம்புங்கள்.

நாள் முழுக்க பின்னணியில் ஓடவிட வேண்டுமென்றால் 19 ஹெர்ட்ஸ் போதும். ஒரு கோர் முழுதாக ஓடினால் ஒரு மணிக்கு 68,400 சாம்பிள். ஒரு சதவீதக்காரனும் அதில் சிக்கிவிடுவான்.

புரோகிராமை மாற்றிய பிறகு ஒப்பிடும்போது முன்பு எடுத்த அதே வேகம், அதே நேரம், அதே லோடு. ஒரு கோரில் 97 ஹெர்ட்ஸ், 30 செகண்டு, 2,910 சாம்பிள் என்ற அளவில் 5 சதவீத ஃபங்ஷனின் எல்லை முன்பின் 0.8. இரண்டு ஓட்டங்களைக் கழிக்கும்போது இரண்டின் பிழையும் சேர்ந்து 1.1 ஆகிவிடும். மாற்றத்துக்கு முன் 5.1, பின் 4.6 என்று வந்தால் அதை வைத்து வேகம் கூடியது என்று கடைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.